டர்பனில் மானிட்டர் வாங்கப் போகும் தங்கச்சிக்கு

திருச்சியிலிருந்து பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு முதுகலை படிக்க வரும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள்: லேப்டாப்போடு வைத்துக்கொள்ள மானிட்டரை ஊரிலேயே வாங்கி வரட்டுமா, அங்கே வாங்கட்டுமா, 24 அங்குலமா 27 அங்குலமா, வளைந்த திரை நல்லதா என்று.

அளவையும் வளைவையும் முதலில் முடித்துவிடுகிறேன். 24 அங்குலம், 1920க்கு 1080 புள்ளிகள், ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காத திரை வகை). கட்டுரை எழுதவும் பிடிஎஃப் படிக்கவும் தாராளம். 27தான் வேண்டுமென்றால் 2560க்கு 1440 பார்த்து வாங்கு. இல்லாவிட்டால் அதே புள்ளிகள் பெரிய பரப்பில் விரிந்து எழுத்து கரடுமுரடாகத் தெரியும், நம் தமிழ் எழுத்தின் சுழிகள்தான் முதலில் கலங்கும். வளைவு உனக்குத் தேவையில்லை. லேப்டாப்பின் டைப்-சி துளையில் படமும் வருமா, சார்ஜ் மட்டும்தானா என்று பார்த்துக்கொள். எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வராதே. பெட்டிக்குள் திரை விரிசல் விட்டால் யாரிடம் போய்க் கேட்பாய்? இங்கே கடையில் வாங்கிய பொருள் பழுதாயிருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ரிப்பேரா, மாற்றா, பணமா என்பதை நீயே சொல்லலாம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை அது. பில்லை மட்டும் பத்திரமாக வை. முன்பின் தெரியாத ஆளிடம் செகண்ட் ஹாண்ட் வாங்கினால் அந்தச் சட்டம் கைகொடுக்காது. அப்படி வாங்கத்தான் வேண்டுமென்றால் தனியாகப் போகாதே, பகலில் மாலுக்குள் வரச் சொல், திரையை எரியவிட்டுப் பார்க்காமல் காசை எடுக்காதே.

நீ கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியம். லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது, மானிட்டருக்குள் இல்லை. இங்கே லோட் ஷெட்டிங் என்பார்கள், முறைவைத்து மின்வெட்டு. 2023இல் அது உச்சத்துக்குப் போனது. 2024 மார்ச்சுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று தெருத்தெருவாகக் கரண்ட் போவது நிற்கவில்லை. போகிற கரண்டைவிடத் திரும்பி வருகிற கரண்ட்தான் கொல்லும். வரும்போது அழுத்தம் எகிறும், திரைக்குள் இருக்கும் பவர் போர்டு அந்த ஒரு நொடியில் கருகும்.

எனக்கு அது நடந்தது. 2008 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம் வந்து இறங்கினேன். நாடே இருட்டில் கிடந்த மாதம் அது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் பின்னால் அவுட்பில்டிங் அறை. சாப்பாட்டைக் குறைத்து மிச்சம் பிடித்த காசில் 17 அங்குலத் திரை ஒன்றைப் பழசாக வாங்கினேன். மூன்றாம் வாரம் ராத்திரி கரண்ட் வந்தபோது டப்பென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகும் வாடை. விற்றவன் போனை எடுக்கவே இல்லை. அன்று நான் அழுத அழுகை இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

வீட்டுக்காரப் பாட்டிதான் கதவைத் தட்டினார். கரண்ட் போன நொடியே இருட்டில் தடவிப்போய் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குகிறவர் அவர், மெழுகுவத்தி அதற்கப்புறம்தான். அந்தப் பழக்கத்தை எனக்கும் ஏற்றிவிட்டார். பாட்டிக்குத் தமிழ் பேச வராது. ஆனால் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சாமல் இருந்ததில்லை, காவடிக்கு விரதம் தவறியதில்லை. 1860இல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதே, அதற்குப் பின் கரும்பு வெட்ட வந்தவர்களின் வம்சம். நிறவெறிச் சட்டத்தில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்ட குடும்பம். நேற்று விமானத்தில் வந்த நம்மவர்கள் சிலர் இவர்களைப் பார்த்து, “பேர் கவெண்டர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது” என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மொழி போன பிறகும் அம்மனை விடாதவர்கள் அவர்கள். உதட்டைப் பிதுக்கும் கூட்டத்தில் நீ சேராதே.

ஆகவே மானிட்டர் வாங்கும் அன்றே, எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பிளக் ஒன்றும் வாங்கு. கரண்ட் போனால் வயரைப் பிடுங்கு. வந்து சில நிமிஷம் போனபின் மாட்டு. 24 அங்குலத் திரை சுமார் 20 வாட்தான் இழுக்கும். 300 வாட்மணி மின்சாரம் சேமிக்கும் லித்தியம் பேட்டரிப் பெட்டி ஒன்று இருந்தால் லேப்டாப்பையும் சேர்த்து இரண்டு மணி நேர வெட்டைத் தாண்டிவிடலாம். அவ்வளவு காசில்லை என்றால் டைப்-சியில் ஓடும் 15.6 அங்குலக் கையடக்கத் திரையை யோசி. லேப்டாப் பேட்டரியிலேயே எரியும், பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கும். அறையை மாற்றிக்கொண்டே இருக்கப்போகும் மாணவிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

வோல்டேஜ் இரண்டு ஊரிலும் 230தான். ஆனால் உன் சார்ஜரின் சின்ன மூன்று முள் பிளக் இங்கே சேராது. நம் வீட்டில் கிரைண்டருக்கும் ஏசிக்கும் இருக்கும் பெரிய 16 ஆம்ப் பிளக் பொருந்தும். பெரிய முள் வைத்த கேபிள் இரண்டு என் அலமாரியில் சும்மா கிடக்கிறது. எந்தப் பகுதியில் அறை எடுத்திருக்கிறாய் என்று எழுது, கொண்டுவந்து தருகிறேன்.