சின்னக் கோச்சி: மாதிரி ரயில் செய்யும் வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சான் அனுப்பிய 1:87 அளவு (நிசத்தில் 87இல் ஒரு பங்கு) மாதிரிச் சரக்குப் பெட்டிக்கு டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) ஒட்டினேன். காய்ந்த பிறகு எழுத்துகளைச் சுற்றி வெள்ளி மாதிரி ஒரு படலம் மினுங்குகிறது. டெக்கல் பழுதோ, ஐயா?
– வாசகர், கோண்டாவில்

டெக்கலில் பிழை இல்லைத் தம்பி. பெட்டிக்கு அடித்திருப்பது மங்கல் பெயின்ற். பார்வைக்குச் சமமாக இருந்தாலும் பூதக்கண்ணாடி பிடித்தால் மேடும் பள்ளமுமாகத் தெரியும். டெக்கல் மேடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பள்ளங்களில் அகப்பட்ட காற்றுத்தான் அப்படி மினுங்குகிறது.

அடுத்த பெட்டிக்கு முதலில் மினுங்கல் வார்னிஷ் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். டெக்கலை எழுத்தை ஒட்டியே வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம் நனைத்து எடுத்து ஈரத் துணியில் வையுங்கள். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் பசை போய்விடும். விரலால் தள்ளும்போது வழுக்கினால் பதம் சரி. ஒட்டும் இடத்தில் டெக்கலைப் பிடிக்க வைக்கும் ‘மைக்ரோ செட்’ திரவம் ஒரு துளி, ஒட்டியபின் மேலே டெக்கலை இளக்கும் ‘மைக்ரோ சோல்’ திரவம். இரண்டாவதைப் பூசியதும் டெக்கல் சுருங்கி நெளிந்து, ‘ஐயோ, போச்சு’ என்று நினைக்க வைக்கும். கை வைக்காதீர்கள். அதுவாகவே இளகி ரிவெட்டுத் தலைகளிலும் பலகை இடுக்குகளிலும் படிந்துவிடும். செட் கிடைக்காவிட்டால் வெள்ளை வினாகிரியில் தண்ணீர் கலந்து ஓரளவு சமாளிக்கலாம். மைக்ரோ சோலுக்கு அப்படி வீட்டு மருந்து இல்லை. மச்சானிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் பெட்டியில், மினுங்கும் இடங்களை ஊசியால் மெல்லக் குத்தி, மைக்ரோ சோல் பூசிப் பாருங்கள். பெரும்பாலும் படியும். கடைசியில் மங்கல் வார்னிஷ்.

கேள்வி: மண்ணிறப் பெட்டியில் வெள்ளை எழுத்து வேண்டும். வீட்டுப் பிரிண்டரில் அடிக்கலாமா?
– மாணவி, திருநெல்வேலி

சாதாரணப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது பிள்ளை. வெள்ளை டெக்கல் தாள் வாங்கி, பெட்டியின் மண்ணிறத்தைப் பின்னணியாக அச்சிடுங்கள். எழுத்து இருக்கும் இடம் வெறும் தாளாக விடப்பட்டு வெள்ளையாகத் தெரியும். நிறத்தைப் பொருத்துவதுதான் தலையிடி. கடதாசியில் சின்னச் சின்ன மண்ணிறச் சதுரங்களை அடித்து, முற்றத்து வெளிச்சத்தில் பெட்டியோடு பிடித்துப் பாருங்கள். குழல் விளக்கை நம்ப வேண்டாம். இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடமுன் தெளிந்த அக்ரிலிக் ஸ்பிரே அடிக்காவிட்டால் மை கரைந்தோடும். லேசருக்கு அந்தக் கவலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் ஸ்பிரே வேலை வேண்டாம், ஈரக் காற்றில் வார்னிஷ் பால் பூத்துவிடும்.

கேள்வி: கொழும்பு – யாழ்ப்பாணம் ஓடிய பழைய யாழ்தேவிக் கோச்சிக்குக் கொங்கிறீற் சிலிப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) பாதை பொருந்துமா?
– வாசகர், சாவகச்சேரி

பொருந்தாது. 1956இல் தொடங்கி 1990இல் நின்ற அந்தக் கோச்சிக்கு மரச் சிலிப்பர் போடுங்கள். கொங்கிறீற், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய கோச்சியின் பாதை. நிசப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர், 1:87இல் 19க்குச் சற்று மேலே வரும். கடைப் பாதை 16.5தான். அதற்காக நித்திரையைக் கெடுக்காதீர்கள். நானும் அதில்தான் ஓட்டுகிறேன்.

கேள்வி: காங்கேசன்துறைப் பக்கக் காட்சி செய்கிறேன். செம்மண்ணும் பனையும் சரியாக வரவில்லை.
– வாசகர், சுன்னாகம்

உங்கள் ஊர்த் தோட்டத்துச் செம்மண்ணை விட நல்ல பெயின்ற் எந்தக் கடையிலும் இல்லை. காயவைத்து, மெல்லிய துணியில் அரித்து, கட்டாயம் காந்தத்தால் ஒருக்கால் தடவுங்கள். இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பசையும் தண்ணீரும் சம அளவு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. இந்தக் கலவையை மண்ணின் மேல் சொட்டவிட்டால் ஊறிப் பிடிக்கும். பெட்டிகளில் செம்மண் அடிப்பாகத்தில் மட்டும் இருக்கட்டும். சீமெந்துப் பெட்டி என்றால் சாம்பல் தூசு ஏற்றி இறக்கும் வாயைச் சுற்றி அதிகமாகவும், அங்கிருந்து கீழே வழிந்தும் இருக்க வேண்டும். பெட்டி முழுக்க ஒரே அழுக்கைப் பூசுவது எனக்குப் பிடிக்காது.

பனையில் எல்லோரும் தவறுவது உயரத்தில். இருபது மீற்றர்ப் பனை 1:87இல் 23 சென்ரிமீற்றர் வரும். அதைப் பத்தில் நிறுத்தினால் வடலிதான், அதாவது இளம் பனை. மரத்துக்குக் கருஞ்சாம்பல், ஓலைக்கு விசிறி மடிப்பில் வெட்டிய தடித்த கடதாசி. பச்சை ஓலைக்குக் கீழே நாலைந்து காவோலை தொங்கவிடுங்கள், சாம்பல் கலந்த மண்ணிறத்தில். வடலியும் இரண்டொன்று நடுங்கள்.