குரூப் பி கார்கள்: குன்னூர் பட்டறையிலிருந்து பதில்கள்

ராலி கார்களிலேயே பயங்கரமானது எது? ஆடி குவாட்ரோவா, லான்சியா டெல்டா எஸ்4-ஆ?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

என் ஓட்டு டெல்டா எஸ்4-க்குத்தான், தம்பி. குவாட்ரோ மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். அந்த ஐந்து சிலிண்டர் இஞ்சின் போடும் சத்தத்தைக் கேட்டால் இன்றைக்கும் கை வேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவேன். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து ராலியின் போக்கையே மாற்றியதும் அதுதான். ஆனாலும் பயங்கரம் என்று கேட்டால் எஸ்4.

1982 முதல் 1986 வரை உலக ராலியில் குரூப் பி என்ற பிரிவு இருந்தது. 200 கார் தயாரித்துக் காட்டினால் போதும், கம்பெனிகள் ஏறக்குறைய நினைத்ததையெல்லாம் செய்துகொள்ளலாம். அந்தச் சுதந்திரத்தின் உச்சம் எஸ்4. சீட்டுக்குப் பின்னால் 1.8 லிட்டருக்கும் குறைவான ஒரு சின்ன இஞ்சின். அதற்கு சூப்பர்சார்ஜரும் உண்டு, டர்போவும் உண்டு. இரண்டும் இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் ஊதிகள். ஆர்பிஎம், அதாவது இஞ்சின் சுற்று, குறைவாக இருக்கும்போது இஞ்சினே சுழற்றும் சூப்பர்சார்ஜர் காற்றை ஊதும். வேகம் பிடித்ததும் புகையில் சுழலும் டர்போ பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். 450 குதிரைத்திறனுக்கு மேல், வண்டியின் எடையோ 900 கிலோ அளவில். அந்தக் காலத்து மாருதி 800-க்கு 40 குதிரைத்திறன்கூடக் கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். 1985 நவம்பரில் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியில் முதன்முதலாக இறங்கியது. முதல் ராலியிலேயே பின்லாந்து ஓட்டுநர் ஹென்றி டோய்வோனன் அதை ஜெயிக்க வைத்தார்.

இன்றைக்கு ஷோரூமில் வாங்கும் சில கார்களிலேயே அவ்வளவு குதிரைத்திறன் வருகிறதே. அப்புறம் அந்தக் கார்கள் மட்டும் ஏன் ஆபத்து?
– எஸ்டேட் டிரைவர், கூடலூர்

நல்ல கேள்வி. சக்தி எவ்வளவு என்பதைவிட அது எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பாருங்கள். அந்தக் காலத்து டர்போவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அப்புறம் மொத்தமும் ஒரே உதையாக வரும். வளைவின் நடுவில் அந்த உதை வந்தால் வண்டி எங்கே திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் கெட்டிக்கார ஓட்டுநர்கள் வளைவுக்குள் இடது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வலது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்காமல் ஓட்டினார்கள். டர்போ சுழன்றுகொண்டே இருக்கும். எஸ்4-இல் இரண்டு ஊதிகளை வைத்ததும் இந்தத் தாமதத்தைக் கொல்லத்தான்.

இன்னொன்று, கட்டுமானம். எடையைக் குறைக்கக் குழாய்ச் சட்டம், மேலே ஃபைபர் பாடி. எஸ்4-இல் பெட்ரோல் டேங்க் இருந்தது சீட்டுகளுக்கு அடியில். 1986 மே 2 அன்று கோர்சிகா தீவு ராலி. பத்தாயிரம் வளைவுகளின் ராலி என்று அதற்குப் பெயர். நம் மலைக்காரர்களுக்கு அந்தப் பாதையை விளக்க வேண்டியதே இல்லை. முன்னணியில் போய்க்கொண்டிருந்த டோய்வோனனின் கார் ஓர் இடது வளைவில் சாலையை விட்டுச் சரிவில் பாய்ந்து கவிழ்ந்தது. டேங்க் கிழிந்து தீப்பிடித்தது. அவருக்கு வயது 29. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும் அவருடனேயே இறந்தார். மிஞ்சியது கருகிய குழாய்ச் சட்டம் மட்டும். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, அதே மே 2, அதே கோர்சிகாவில், அதே லான்சியா அணியின் அட்டிலியோ பெட்டேகா இறந்திருந்தார்.

கூட்டத்தையும் சொல்ல வேண்டும். சாலையிலேயே நின்று, கார் வரும்போது விலகுவதை வீரம் என்று நினைத்த காலம். 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் ஒரு ஃபோர்டு ஆர்எஸ்200 கூட்டத்துக்குள் புகுந்து 3 பேர் இறந்தார்கள், 30 பேருக்கு மேல் காயம். கம்பெனி அணி ஓட்டுநர்கள் அத்தனை பேரும் அந்த ராலியைத் தொடர மறுத்து வெளியேறினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது அந்த ஒரு முடிவால்தான். கோர்சிகா விபத்து நடந்த சில மணி நேரத்தில், 1987 முதல் குரூப் பி கிடையாது என்று அறிவிப்பு வந்தது. சரியான முடிவு. அந்தக் கார்களை இவ்வளவு நேசிக்கிற நானே சொல்கிறேன்.

இந்தக் கார்களைப் பெண்கள் யாராவது ஓட்டினார்களா?
– வாசகி, அரவங்காடு

ஓட்டினார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். பிரான்சின் மிஷேல் மூட்டோன், குரூப் பி தொடங்குவதற்கு முந்தைய வருடம் 1981-இலேயே, குவாட்ரோவில் இத்தாலியின் சான்ரெமோ ராலியை வென்றார். பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு வாசித்த ஃபாப்ரிட்சியா போன்ஸும் பெண்தான். அடுத்த வருடம் மூன்று ராலிகளை வென்று உலகப் போட்டியில் இரண்டாம் இடம். உங்கள் வீட்டில் கார் பைத்தியம் பிடித்த பெண் குழந்தை இருந்தால் முதலில் இவர் கதையைச் சொல்லுங்கள்.

என் மகன் இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பழைய கார் ஒன்றை வாங்கி ராத்திரியில் கல்லட்டி மலைப்பாதையில் இறங்குகிறான். சொன்னால் கேட்பதில்லை.
– ஒரு தாய், ஊட்டி

அம்மா, அவனைத் திட்ட வேண்டாம், என் பட்டறைக்கு அனுப்புங்கள். கல்லட்டியிலிருந்து இழுத்து வந்த ஒரு காரின் பிரேக் டிரம்மை வைத்திருக்கிறேன். சூட்டில் நீலம் பாரித்து, லைனிங் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருக்கும். 36 கொண்டை ஊசி வளைவையும் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால் இப்படித்தான். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அவன் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

ராலி ஸ்டேஜில், அதாவது நேரம் கணக்கிடும் பாதையில், எதிரே பஸ் வராது, சாலையை மூடியிருப்பார்கள். ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து எழுதிய குறிப்பை நேவிகேட்டர் வாசித்துக்கொண்டே வருவார். டோய்வோனனுக்கே அது தேவைப்பட்டது. ராத்திரி கல்லட்டியில் வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நிற்கிறது என்று உங்கள் மகனுக்கு யார் வாசித்துச் சொல்வார்கள்? இதை இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். ஆசையை மட்டும் தடுக்காதீர்கள். முறையான போட்டிக்கு நேவிகேட்டராகவோ சர்வீஸ் ஆளாகவோ போகச் சொல்லுங்கள். நானும் சர்வீஸ் ஆளாகத்தான் ஆரம்பித்தேன்.

பழைய மாருதி ஜிப்ஸி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ராலிக்குத் தயார் செய்ய முதலில் எதில் செலவழிக்க வேண்டும்?
– வாசகர், மஞ்சூர்

ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் குழாய்க் கூண்டு), ஐந்து அல்லது ஆறு முனை சீட் பெல்ட், தீயணைப்பான், வண்டியின் மின்சாரத்தை வெளியிலிருந்தும் இழுத்து அணைக்கக்கூடிய கட்-ஆஃப் சுவிட்ச். இதற்குப் பிறகு பிரேக், சஸ்பென்ஷன். காசு மிஞ்சினால் இஞ்சின். கேஜுக்கு விலை கேட்கும்போது சீம்லெஸ் பைப்பா, அதாவது நீளவாட்டில் ஒட்டு இல்லாத பைப்பா, என்று விசாரியுங்கள். தையல் போட்ட சாதாரணப் பைப் வேண்டாம். வெல்டிங் பைப்பைச் சுற்றி முழு வட்டமும் ஓடியிருக்க வேண்டும். கூரையை ஒட்டிய மூட்டுகளில் பின்பக்கம் எட்டாது என்று விட்டுவிடுவார்கள், அங்கே சின்னக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.