மார்க்கோ போலோவை நம்பலாமா?

கேள்வி: மார்க்கோ போலோ தேநீரைப் பற்றியோ சீனப் பெருஞ்சுவரைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதவில்லை. பதினான்காம் நூற்றாண்டு மொராக்கோ பயணி இப்னு பதூதா பிறர் நூலிலிருந்து எடுத்திருக்கிறார். பழைய வணிகவழிகளில் நடந்த பண்பாட்டுக் கொடுக்கல் வாங்கலை ஆராய்பவர் இவர்களை எப்படி நம்புவது?

பதில்: ஆளை நம்பலாமா என்று கேட்டால் ஆராய்ச்சி அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு செய்தியாக எடுத்து உரசிப் பாருங்கள்.

பெருஞ்சுவர் வாதம் வலுவில்லாதது. இன்று படங்களில் காணும் சுவரின் பெரும்பகுதியைக் கட்டியது மிங் அரசு. அந்த ஆட்சி தொடங்கியதே 1368இல். மார்க்கோ போலோ வெனிஸ் திரும்பியது 1295இல். சொல்லாததை விட்டுவிட்டு, சொன்னதைச் சோதியுங்கள். நைந்த காகிதப் பணத்தைக் கொடுத்தால் நூற்றுக்கு மூன்று பிடித்துக்கொண்டு புதியது தருவார்கள் என்கிறார். அப்போது சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் அரசின் வரலாற்றில் அந்தக் கட்டணம் இருக்கிறது: 1265இல் ஆயிரம் காசுக்கு 30, மறு ஆண்டு 20, 1285இல் மறுபடி 30. அவர் சீனாவில் இருந்த காலத்தின் பிற்பகுதியோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இவ்வளவு நுணுக்கமான செய்தியை ஒதுக்கவே முடியாது.

ஆனால் எந்தப் பிரதியிலிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். மார்க்கோ போலோ நூலின் மூலப்பிரதி தொலைந்துவிட்டது. சுமார் 150 கையெழுத்துப் பிரதிகள் உள்ளன, ஒன்றுபோல் ஒன்று இல்லை. சில பகுதிகள் 1559இல் இத்தாலியப் பதிப்பாசிரியர் ரமூசியோவின் பெயரில் அச்சான பதிப்பில் மட்டுமே வருகின்றன. பல மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றையும் கலந்து ஒரே நூலாகத் தருகின்றன. மேற்கோளின் பக்கத்தில் பிரதியின் பெயரையும் குறித்துவையுங்கள்.

இப்னு பதூதா விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரியானதே. டமாஸ்கஸ் வர்ணனையில் பெரும்பங்கு அவருக்கு முந்தைய பயணி இப்னு ஜுபைருடையது. இப்னு ஜுபைர் அங்கே இருந்தது 1184இல், இப்னு பதூதா போனது 1326இல். இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவர், 140 ஆண்டு பழைய நகரத்தைப் பதினான்காம் நூற்றாண்டு நகரமாக எழுதிவிடுவார். அதற்காக முழு நூலையும் தூக்கிப் போடுவது அவசரம். எடுத்த இடங்களைக் கழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்துங்கள்.

இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்ற, அதோடு 622ஐக் கூட்டும் பழக்கத்தையும் விடுங்கள். அது 354 நாள் கொண்ட சந்திர ஆண்டு. இப்னு பதூதா புறப்பட்ட 725ஐ அப்படிக் கூட்டினால் 1347 வரும், சரியான ஆண்டு 1325. ஹிஜ்ரி எண்ணை 0.97ஆல் பெருக்கிப் பிறகு 622ஐக் கூட்டினால் தோராயமான ஆண்டு கிடைக்கும். நாள் வேண்டுமானால் மாற்று அட்டவணைதான் வழி.

பயண நூலோடு கல்வெட்டையும் சேர்த்துப் படியுங்கள். மிங் அரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, இலங்கையின் காலியில் கிடைத்த, 1409 தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டில் சீன வரிகள் புத்தரையும், தமிழ் வரிகள் திருமாலின் வடிவமான தெனவரை நாயனாரையும், தேய்ந்துபோன பாரசீக வரிகள் இஸ்லாத்தையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. சீனப் பகுதியை மட்டும் படித்தவருக்கு அது வெறும் பௌத்தக் காணிக்கை. மூன்றையும் படித்தால்தான், அந்தக் கடற்கரையில் யார் யாரையெல்லாம் மதித்து நடக்க வேண்டியிருந்தது என்பது புரியும்.

ஒரே துறைமுகம், ஒரே சரக்கு, ஐம்பது ஆண்டுகள்: இந்த அளவில் தொடங்குங்கள்.