வாசகர் கேள்வி: ஒரே வீட்டுல அஞ்சு பட்டாளத்துக்காரங்க

கேள்வி: முதல் உலகப்போர்ல ஆஸ்திரேலியாவுல ஒரே வீட்டுல இருந்து நாலஞ்சு பசங்க போனாங்களாமே, கவர்மென்ட் கட்டாயப்படுத்தி இழுத்துட்டு போச்சா? வீட்டுக்கு ஒருத்தனையாவது விட்டு வைக்கணும்னு தோணலையா?

பதில்: யாரும் இழுத்துட்டு போகலைங்க, அதான் விஷயமே. கட்டாய ராணுவம் வேணுமான்னு 1916லயும் 1917லயும் ஜனங்ககிட்ட ஓட்டுக்கு விட்டாங்க, ரெண்டு தடவையும் வேணாம்னுட்டாங்க. ஆனா ஜனத்தொகை 50 லட்சம் கூட இல்லாத நாட்டுல 4 லட்சம் பேருக்கு மேல தானா பேர் குடுத்தாங்க. தினம் 6 ஷில்லிங் சம்பளம் வேற, பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஆரம்பத்துல 1 ஷில்லிங்தான். 21 வயசு ஆகலைன்னா அம்மா அப்பா எழுதி குடுக்கணும், நம்ம பசங்க மாதிரியே வயசை ஏத்தி சொல்லிட்டு போனவனும் நிறைய.

அடிலெய்டு பக்கத்துல ப்ராஸ்பெக்ட்னு ஒரு ஊர், அங்க லீன் குடும்பத்துல அண்ணன் தம்பி அஞ்சு பேரும் போனாங்க, அதுல ஒருத்தரோட பசங்களும் சேர்ந்தே போனாங்க. ஆலன் லீன் 1917 ஜனவரில பிரான்ஸ்ல செத்தார். ரேமண்ட் லீன் 48வது பட்டாலியனோட கமாண்டர், தம்பி பென் அதே பட்டாலியன்ல மேஜர். சொந்தக்காரங்க ஒண்ணா இருந்தா தைரியம்தான், ஆனா குண்டு விழுந்தா மொத்தமா ஒரே வீட்டு மேலதான விழும்?

அப்படித்தான் ஆச்சு. 1917 ஏப்ரல் 10, பிரான்ஸ்ல புல்லிகோர்ட்னு ஒரு ஊர். டேங்க் வரும்னு பனியில ராத்திரி பூரா படுத்து கிடந்தாங்க, டேங்க் லேட்டு, விடியறப்ப திரும்பி வாங்கன்னு ஆர்டர், வர்ற வழியில ஜெர்மன்காரங்க ஷெல் அடிச்சாங்க, பென் போயிட்டார். தம்பி உடம்பை ரேமண்டே தேடி எடுத்து புதைச்சு மேல ஒரு சிலுவையும் நட்டு வச்சார். துக்கம் கொண்டாட டைம் இல்ல, பிரிட்டிஷ் ஜெனரல் கஃப் மறுநாளே திரும்ப அதே இடத்துக்கு அனுப்பினார், சரியான பீரங்கி துணை கூட இல்லாம, என்ன சொல்றது அந்தாளை! அதுல 3,000 பேருக்கு மேல செத்தோ, காயம்பட்டோ, பிடிபட்டோ போனாங்க. ரேமண்டோட இன்னொரு அண்ணன் பையன், அவன் பேரும் ஆலன்தான், கேப்டன், சித்தப்பா பட்டாலியன்லயே இருந்தவன், அவனும் திரும்பல.

ரேமண்ட் ஊர் திரும்பி 1920ல இருந்து 1944 வரைக்கும் தெற்கு ஆஸ்திரேலியா போலீஸ் கமிஷனரா இருந்தார்.