மருந்து கொடுத்த பிறகும் பூனைக்குப் புழு ஏன்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். சென்ற மாத மழையில், எங்கள் தெருவில் நின்றிருந்த ஆட்டோவுக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த பெண் பூனைக்குட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தோம். வயது மூன்று மாதம் இருக்கலாம் என்றார்கள். எலும்பு தெரியும் உடம்பில் வயிறு மட்டும் உப்பியிருந்தது. கடையில் கேட்டு, பைரண்டல் என்னும் திரவ மருந்தை வாங்கி ஒருமுறை கொடுத்தேன். மறுநாள் வெள்ளை நூல் போன்ற புழுக்கள் மலத்தில் வந்தன. ஒன்று வாந்தியிலும் வந்தது. வயிறு வற்றிவிட்டது என்று நிம்மதியடைந்தேன். பத்து நாள் கழித்து, அது படுக்கும் துண்டிலும் வாலடி மயிரிலும் அரிசிமணி போல ஏதோ ஒட்டியிருந்தது. அதில் ஒன்று நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். நான் வாங்கியது போலி மருந்தா? என் ஐந்து வயது மகனுக்காக வைத்திருக்கும் அல்பெண்டசோல் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த அல்பெண்டசோல் மாத்திரையை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்யும் அந்த மருந்து, பூனைகளின் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்கள் உருவாவதையே குறைத்துவிடக்கூடியது. 400 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்பது, ஒரு கிலோ எடைகூட இல்லாத குட்டிக்கு மிகப் பெரிய அளவு. பூண்டை நசுக்கிக் கொடுக்கலாம் என்று யாரேனும் சொன்னால் அதையும் கேட்காதீர்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

நீங்கள் வாங்கிய மருந்தைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்கிறது. உங்கள் குட்டியின் வயிற்றில் இருந்தவை இரண்டு வேறு இனப் புழுக்கள் என்பதுதான் விஷயம். முதலில் வெளியே வந்தவை உருளைப்புழுக்கள்: இடியாப்ப இழை போல வெளுத்து, மூன்று முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளமாக இருக்கும். தெருவில் பிறந்த குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே இவை வந்துவிடுகின்றன. பைரண்டல் இவற்றின் தசைகளை முடக்குகிறது. பிடிப்பை இழந்த புழுக்கள் மலத்தோடு வெளியேறுகின்றன. கொக்கிப்புழுவுக்கும் அது வேலை செய்யும். நாடாப்புழுவை மட்டும் அது தொடுவதில்லை. இப்போது நீங்கள் துண்டில் பார்த்த அரிசிமணி, நாடாப்புழுவிலிருந்து கழன்று விழும் துண்டு. உள்ளே முழுக்க முட்டைகள். புதிதாக விழுந்ததை ஈரக் காகிதத்தில் எடுத்து வைத்துப் பார்த்தால் அது நீண்டும் சுருங்கியும் நகர்வது தெரியும். காய்ந்துவிட்டால் எள் போலச் சிறுத்து மஞ்சளாகிவிடும் என்பதால், பலர் அதை ஏதோ அழுக்கு என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் கவனித்தீர்கள், அதுவே பாதி சிகிச்சை.

நாடாப்புழுவுக்கு உரிய மருந்து பிராசிகுவாண்டெல். இதைத் தனியாகவும், பைரண்டலோடு சேர்ந்த பூனை மாத்திரையாகவும் வாங்கலாம். அளவு எடையைப் பொறுத்தது என்பதால் கண்மதிப்பில் கொடுக்காதீர்கள். குட்டியை ஒரு கூடையில் வைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தி, கூடையின் எடையைக் கழித்து, அந்தக் கிராம் கணக்கை எழுதிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் பகுதிக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அருகில்தான் இருக்கிறது. அன்று காலை இட்ட மலத்தில் சிறிதளவை மூடியுள்ள டப்பாவில் எடுத்துச் சென்றால், நுண்ணோக்கியில் புழுமுட்டைகளைத் தேடிப் பார்ப்பார்கள். நாடாப்புழுவின் முட்டைகள் அந்தச் சோதனையில் பல நேரம் சிக்குவதில்லை. ஆகவே அரிசிமணியைப் பார்த்ததையும் மறக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு போங்கள்.

மாத்திரை மிகவும் கசப்பு. நொறுக்கிக் கொடுத்தால் குட்டி நுரை தள்ளும். பார்ப்பவர்கள் விஷம் என்று பயந்துவிடுவார்கள். முழுதாக, வேகவைத்த மீன் துண்டுக்குள் பொதிந்து கொடுத்துப் பாருங்கள். இம்முறை மலத்தில் புழு எதுவும் தெரியாமல் போகலாம். இறந்த நாடாப்புழு குடலுக்குள்ளேயே செரித்துப்போய்விடுவது வழக்கம் என்பதால், புழு வரவில்லையே என்று மீண்டும் மருந்து கொடுத்துவிடக் கூடாது.

நாடாப்புழு எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் பார்த்தாக வேண்டும். உதிர்ந்த துண்டுகளிலிருந்து சிதறும் முட்டைகளைத் தெள்ளுப்பூச்சியின் இளம்புழு தின்கிறது. அது வளர்ந்து தெள்ளாகிப் பூனையின் மேல் ஏறுகிறது. பூனை உடம்பை நக்கும்போது அந்தத் தெள்ளை விழுங்குகிறது. புழு மறுபடி குடலுக்குள் போய்விடுகிறது. தெள்ளு இருக்கும்வரை எத்தனை மாத்திரை கொடுத்தாலும் சில வாரங்களில் அரிசிமணி திரும்பி வரும். குட்டியின் முதுகு மயிரை நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாரி, உதிரும் கருந்துகள்களை ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். செலமெக்டின் போன்ற, பூனைக்கென்றே தயாரான சொட்டு மருந்தைப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் இட வேண்டும். நாய்க்கான சொட்டு மருந்தை ஒருபோதும் இடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொன்றுவிடும். அப்படித் துடித்த பூனைகளை மேசையில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். துண்டு, விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். வீட்டில் வேறு பூனையோ நாயோ இருந்தால் அதற்கும் உரிய மருந்தைச் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. பைரண்டலை ஒருமுறையோடு நிறுத்திவிட்டீர்கள். உருளைப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வரும் இளம்புழு நேராகக் குடலில் தங்குவதில்லை. ஈரல், நுரையீரல் வழியாகச் சுற்றி, இருமலில் தொண்டைக்கு வந்து, மீண்டும் விழுங்கப்பட்ட பிறகே குடலில் வளர்கிறது. பைரண்டல் குடலில் இருப்பவற்றை மட்டுமே பிடிக்கும். பயணத்தில் இருந்தவை வந்து சேர்ந்ததும் அடுத்த தவணை தேவை. முதல் தவணைக்கு இரண்டு வாரம் கழித்து ஒன்று, பிறகு ஆறு மாத வயது வரை மாதம் ஒன்று, அதன்பின் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒன்று எனத் தேதிகளை நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.

குட்டியின் மேலுதட்டைச் சற்றே உயர்த்தி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. காகிதம் போல வெளுத்திருந்தால், அல்லது மலம் தார் போலக் கறுத்து வந்தால், கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அந்தக் குட்டிக்கு அன்றைக்கே மருத்துவர் தேவை.

மகனைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். புதிதாக இட்ட மலத்தில் உள்ள உருளைப்புழு முட்டை உடனே தொற்றாது; தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். மண்ணில் கிடந்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்வதும், மகன் மண்ணில் விளையாடிவிட்டு வந்தால் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவுவதும் போதுமானவை. அந்த முட்டைகள் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய், அரிதாகக் கண்ணைப் பாதித்ததுண்டு.

கேள்வி: எங்கள் மருமகள் நான்கு மாதக் கர்ப்பிணி. இரண்டு ஆண்டுகளாக வளர்க்கும் பூனைக்குத் தவறாமல் பூச்சி மருந்து கொடுக்கிறோம். ஆனாலும் பூனைக் கிருமி கருவைப் பாதிக்கும், எங்காவது விட்டுவிடுங்கள் என்கிறார்கள். விடத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம், ஐயா. அவர்கள் சொல்லும் டாக்ஸோபிளாஸ்மா புழு அல்ல, ஓரணு உயிர். பூச்சி மருந்து அதைத் தடுக்காது என்பது உண்மைதான். ஆனால் பூனை அதை மலத்தில் வெளியேற்றுவது பெரும்பாலும் முதன்முறை தொற்றிய பின் வரும் சில வாரங்கள் மட்டுமே. வெளியேறியதும் தொற்றும் தன்மை பெற அதற்கு ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். எனவே மணல் தட்டை நாள் தவறாமல் வீட்டில் வேறொருவர் சுத்தம் செய்யட்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காமல், வேட்டைக்கு வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் ஆகியவற்றின் வழியாகவும் இக்கிருமி மனிதருக்கு வருகிறது. ஆகவே அடுப்படியிலும் அதே கவனம் வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் பூனை வளர்ப்பதைச் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனை செய்வார். இரண்டு ஆண்டு வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்குத் தெருவில் உணவு தேடிப் பிழைக்கத் தெரியாது. அது உங்களோடேயே இருக்கட்டும்.