இறக்கிய பிக்கப்பும் உள்பக்கம் தேயும் டயரும்

கேள்வி: என் டபுள் கேப் பிக்கப்பை முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் இறக்கினேன். காக்கி புக்கிட்டில் இரண்டு தடவை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்தாகிவிட்டது. ஸ்டீயரிங் நேராக நிற்கிறது, ஆனால் முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்கின்றன. "இறக்கினால் அப்படித்தான்" என்கிறார் பட்டறைக்காரர். சக்கரத்தை மேல்பக்கம் பிடித்திருக்கும் அப்பர் ஆர்மை மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்டுக் காசு கொடுப்பது? – வாசகர், ஈசூன்

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் அளவுத் தாள் இருக்கிறதா? சரிசெய்யும் முன்னும் பின்னும் என்ன அளவு என்று மெஷினே அச்சடித்துத் தரும். அது இல்லாமல் மூன்றாவது தடவை காசை எடுக்காதீர்கள்.

வண்டி இறங்கும்போது ஆர்ம்கள் மேலே ஏறும், சக்கரத்தின் தலை உள்ளே சாயும். இது கேம்பர். கூடவே டோவும், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறிவிடும். எது டயரைத் தின்கிறது என்று கையாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கிப் போய், திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி தட்டுப்பட்டால் டோ. எந்தப் பக்கம் தடவினாலும் வழவழவென்று இருந்து, உள்விளிம்பு மட்டும் கரைந்திருந்தால் பெரும்பாலும் கேம்பர்.

பல பிக்கப்களில் கீழ் ஆர்மில், கோணத்தை மாற்றுவதற்கென்றே கேம் போல்ட் இருக்கும். அதைத் திருப்பிக் கேம்பரையும் காஸ்டரையும் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) பிடித்துவிட்டு, கடைசியில்தான் டோவைத் தொட வேண்டும். டோவை மட்டும் திருகி ஸ்டீயரிங்கை நேராக்கி அனுப்பிவிடும் கடைகளும் உண்டு. துருப்பிடித்த போல்ட்டோடு யார் மல்லுக்கட்டுவது! உங்கள் வண்டிக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேம் போல்ட்டைக் கடைசிவரை திருப்பியும் கேம்பர் அளவுக்குள் வரவில்லை என்றால் அப்பர் ஆர்முக்குச் செலவு செய்யலாம். அதற்கு முன் வேண்டாம்.

பின்பக்கத்தையும் அளக்கச் சொல்லுங்கள். கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மேல் அச்சு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் வண்டி நண்டு மாதிரி ஓடும். சாமான் எப்போதும் ஏற்றியிருப்பீர்கள் என்றால் அந்தப் பாரத்தோடே கொண்டுபோங்கள். ஸ்பிரிங் மாற்றியபோது ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போது முறுக்கினார்களா என்றும் கேளுங்கள்.

அப்புறம், பலரும் மறந்துவிடுவது பிரேக். சில பிக்கப்களில் பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அச்சோடு இணைந்திருக்கும். வண்டி இறங்கியதும் அது பாரம் ஏறிவிட்டதாக எண்ணிக்கொள்ளும். காலி வண்டியில், மழை பெய்த பிஐஇ விரைவுச்சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் கதை கந்தல். அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இங்கே சிங்கப்பூரில் சரக்கு வண்டிக்குச் சோதனை தப்பாமல் வரும். இறக்கியது அனுமதிக்கப்பட்ட மாற்றம்தானா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் இப்போதே கேட்டுவிடுங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து உள்விளிம்பைப் பாருங்கள். புது டயர் போடுவதை அலைன்மென்ட் நாளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பட்டறை பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். வண்டி கம்பெனி பெயரில் இருந்தால் தனிநபர் புகார்களைக் கவனிக்கும் பயனீட்டாளர் சங்கத்தைவிட இந்த நடுவர் மன்றம்தான் உங்களுக்கு ஏற்ற வழி. ரசீதையும் அவர்களோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.