லிங்கத்தை அடுப்பில் போடாதீர்கள்: மூலிகைக் கேள்வி பதில்

வடசென்னை வாசகர்களின் மூலிகை, பாஷாணம் (நச்சுச் சரக்கு) பற்றிய கேள்விகளுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஓய்வு பெற்ற சித்த மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஐயா, சிறியாநங்கையும் நிலவேம்பும் ஒன்றா? (கொருக்குப்பேட்டை)

ஒன்றுதான். ஆனால் அந்த இலைப்பொடியும் நிலவேம்புக் குடிநீரும் ஒன்றல்ல. குடிநீரில் நிலவேம்புடன் வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்குகள் சேரும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் குடிநீரை நம்பிக் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். உரிம எண் அச்சிடாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

சர்க்கரை நோய்க்குச் சிறுகுறிஞ்சான் சாப்பிடலாமா? (திருவொற்றியூர்)

அந்த இலையை மென்றுவிட்டு நாக்கில் சீனியை வைத்துப் பாருங்கள், மணலைப் போட்டது போல இருக்கும். இனிப்பை உணரும் நாக்கின் திறனைச் சிறிது நேரம் மட்டுப்படுத்தும் பொருள் அதில் இருக்கிறது. நாக்குக்கு இனிப்புத் தெரியவில்லை என்பதற்காக ரத்தத்தில் சர்க்கரை இல்லையென்று ஆகிவிடாது. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை அளவு கீழே இறங்கிவிடவும் கூடும். மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள். மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

சர்க்கரைக்கு நாவல்கொட்டைப் பொடி? (தண்டையார்பேட்டை)

மேலே உள்ள பதிலேதான்.

மாமனாருக்கு மூட்டுவலி. லிங்கக் கட்டியைத் தணலில் போட்டுப் புகை பிடித்தால் போய்விடும் என்று தெரிந்தவர் சொல்கிறார். ஒற்றை அறை வீடு. செய்யலாமா? (ராயபுரம்)

கூடவே கூடாது, அம்மா. லிங்கம் என்பது ரசமும், அதாவது பாதரசமும், கந்தகமும் கட்டிய கூட்டு. குளிர்ந்த கட்டியாக இருக்கும்வரை அது தண்ணீரில் கரையாது. சூடேறினால் கட்டு விட்டு ரசம் ஆவியாகக் கிளம்பும். பதங்கம் எடுக்கும்போது, அதாவது மூடிய சட்டியில் சூடேற்றி மேலே படிவதை எடுக்கும்போது, இதை நேரில் பார்க்கலாம். கீழ்ச்சட்டியில் சிவப்பாக இருந்த சரக்கு கறுத்துவிடும்; மேல்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளி மணிகள், ஊசிமுனை அளவில். விரலால் தொட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து உருளும். மூடி போட்டதால்தான் அவை அங்கே நின்றன. உங்கள் வீட்டில் மூடி இல்லை. மூச்சில் போகும் ரச ஆவியில் 80 சதவிகிதம் அளவுக்கு உடலிலேயே தங்கிவிடும். கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, பிறகு சிறுநீரகம். கருவுற்ற பெண்ணும் குழந்தைகளும் அதே அறையில்தானே இருப்பார்கள்? ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். சிந்திய மணிகளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், சிதறும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள்.

சுத்தி செய்த லிங்கத்தில் விஷம் கிடையாது என்பது சித்தர் வாக்கு. நீங்களே அதை மறுக்கிறீர்களா? ஆங்கில மருத்துவத்துக்கு விலைபோய்விட்டீர்களா? (வியாசர்பாடி)

தம்பி, சுத்தியை நான் கல்லூரியில் கையால் செய்து படித்தவன். எலுமிச்சைச் சாறு, பசும்பால், குப்பைமேனிச் சாறு சேர்த்துச் சுருக்குக் கொடுப்போம், அதாவது சூடான சரக்கின் மேல் சொட்டுச் சொட்டாக விடுவோம். அதில் அழுக்கு போகும், சரக்கு பக்குவப்படும். ரசம் எங்கேயும் போகாது, அப்படியே இருக்கும். அந்த அம்மா கேட்டதும் கடையில் வாங்கிய பச்சைக் கட்டியைப் பற்றி. சுத்தியே நடக்காத சரக்குக்குச் சுத்தியைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். மருந்துச் சட்ட விதிகளிலும் நம் நச்சுச் சரக்குகளுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. அவை சேர்ந்த மருந்தின் புட்டியில் மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். சித்த மருத்துவத்தை மதிப்பவன் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் புட்டியைத் திறப்பான்.

சீனாவில் பாஷாணத்தையே ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்களே, ஐயா? (பெரம்பூர்)

கொடுக்கிறார்கள். வெள்ளைப் பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக் சரக்கை, 1970களில் ஹார்பின் நகர மருத்துவர்கள் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2000இல் அமெரிக்காவும் அனுமதித்தது. ஆனால் எப்படிக் கொடுக்கிறார்கள்? அளந்து, ஊசி வழியாக, இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துக்கொண்டே. வியாசர்பாடித் தம்பியும் இதைப் படிக்கட்டும்.

சித்தர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா? (மறுபடியும் வியாசர்பாடி)

தெரியாது. அவர்கள் பத்தியமும் அளவும் துணைமருந்தும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒற்றை அறையில் தணல் மூட்டச் சொல்லவில்லை.

இருமலுக்குத் தினமும் அதிமதுரம் சுவைக்கிறேன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையும் உண்டு. (மூலக்கொத்தளம்)

இன்றே நிறுத்துங்கள். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் உப்பையும் நீரையும் உடலில் தங்கவைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

சர்க்கரைக்கு ஆவாரம்பூ…? (எண்ணூர்)

இந்த வாரம் இனி சர்க்கரை இல்லை. திருவொற்றியூர்ப் பதிலைப் படியுங்கள்.

பற்படாகம் எங்கே நல்லதாகக் கிடைக்கும்? (தண்டையார்பேட்டை)

ராசப்பா செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வேர், தண்டு, இலையோடு காய்ந்த முழுச் செடியாகக் கேளுங்கள். பொடியாக வாங்கி வந்து என்னிடம் நீட்டினால், உள்ளே என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள்.